தையலுக்கு விட்ட இரண்டு அங்குலம்

அந்தத் தெருவில் அளவு அக்காவுக்குத் தெரியாத இடுப்பு கிடையாது. யார் இளைத்தார்கள், யார் இளைத்ததாகச் சொல்லிக்கொண்டு மட்டும் திரிகிறார்கள், எவருக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம், எல்லாம் அவளுடைய நீல அட்டை நோட்டில் இருந்தது. அந்த நோட்டு ஒருநாள் வெளியே போனால் பாதித் தெரு வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடும். ஆனால் அக்கா வாயைத் திறக்கமாட்டாள். தையற்காரிக்கும் டாக்டருக்கும் ஒரே தர்மம்தான், டாக்டரிடமாவது பொய் சொல்லிப் பார்க்கலாம், நாடாவிடம் முடியாது என்பாள்.

வயது அறுபத்து மூன்று. நாலு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது இரண்டு கால்களின் பலத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிஷினை மிதிக்கக் கால் இல்லாதவள் என்ன தைக்கப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டி முடிப்பதற்குள், மோட்டார் மிஷின் ஒன்றை வரவழைத்து, அதன் விசையை மேசை விளிம்பில் பொருத்தி, முழங்கையால் அழுத்தி ஓட்டப் பழகிவிட்டாள். அவள் ஓட்டிய வேகத்தில் ஒருமுறை நூல்கண்டு புகைந்தது என்று தெருவில் சொல்வார்கள். புகையைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள் ஏழு பேர். அன்றைக்குக் கடையில் இருந்தது மூன்று பேர்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். பின்னால் தம்பியும் தம்பி மனைவியும். தம்பிக்கு லிப்ட் பழுது பார்க்கிற உத்தியோகம். ஊரில் உள்ளவர்களையெல்லாம் பன்னிரண்டு மாடி ஏற்றி இறக்குகிறவனால் சொந்த அக்காவை இரண்டு படி ஏற்ற முடியவில்லை என்பது அவனுக்கே உறுத்தல். பழைய தள்ளு நாற்காலியில் அவளை வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு போவான். படி வந்தால் நின்றுவிடுவான். காரணம், அக்கா தன்னைத் தூக்க விடமாட்டாள்.

ஒரே ஒரு தரம் விட்டிருக்கிறாள். சித்தப்பா மகள் கல்யாணத்தில், மண்டபத்துப் படியில் நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். மண்டபமே எழுந்து நின்று வழிவிட்டது. யாரோ ஒரு கிழவர் பழக்க தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறக்கி வைத்ததும் அக்கா தம்பியிடம் சொன்னாள்: "நாலு பேர் என்னைத் தூக்கிட்டுப் போறது இன்னும் ஒரே ஒரு தடவைதான். அது நான் பார்க்காத அன்னிக்கு."

அதனால் அவள் பார்க்காமல் போனவை பல. அதில் மனதில் முள்ளாக நின்றது ஒன்றுதான்: தெருக்கோடி அரங்கில் சனிக்கிழமை தோறும் நடக்கும் நாடகம்.

பதினாலு வருஷமாக அதே குழு, அதே நாடகம். உடைகள் அத்தனையும் அக்கா தைத்தவை. திங்கட்கிழமை காலை மூட்டையாக வரும், கிழிசலும் கறையுமாக. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பிப் போகும், மாப்பிள்ளை மாதிரி. நாடகத்தை அக்கா பார்த்ததில்லை. பார்த்தவர்களிடம் கேட்டதுமில்லை, கேட்டால் கௌரவக் குறைச்சல். துணி சொல்வதைக் கேட்டுக்கொண்டாள். ராணியின் பச்சை கவுனில் இடது கை வாரா வாரம் தோளோடு கிழிந்து வரும். ராஜாவின் சிவப்புக் கோட்டு முதுகில் கரி. மந்திரியின் கால்சட்டை வலது முழங்காலில் ஈரம் காய்ந்த தடம்.

இந்த மூன்றை வைத்துக்கொண்டு அக்கா ஒரு கதை கட்டினாள். அரண்மனை தீப்பிடிக்கிறது. ராஜா முதுகில் தீயோடு ஓடுகிறார். ராணி உள்ளே பாயப் போகிறாள், எதிரி கையைப் பிடித்து இழுக்கிறான். மந்திரி ஆற்றங்கரையில் மண்டியிட்டு ஒரு குடம் தண்ணீருக்காக அழுகிறான். காஜா எடுத்துக்கொண்டே அவள் இதைச் சொல்லும்போது, அளவு கொடுக்க வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்; அதனால் மார்பளவு தப்பாகிப்போன சட்டைகளும் உண்டு. போகப்போக, நாடகத்தை நிஜமாகவே பார்த்தவர்களுக்குக்கூட, நடுவில் நாம் தூங்கிவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

இப்படி இருக்கையில் தம்பிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இனிமேல் நாற்காலி தள்ளக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதமே தம்பியும் அவன் மனைவியும் யோசித்து, விசாரித்து, பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி ஒன்றை வரவழைத்தார்கள். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள்.

பெட்டியைப் பிரித்தபோது தம்பி மனைவி மேலே ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தாள். "மின்சார நாற்காலின்னு போட்டிருக்கு, அண்ணி. சாகடிக்கிறதுக்கு உட்கார வைப்பாங்களே, அந்தப் பேரு. நீங்க என்ன குத்தம் செஞ்சீங்க?"

"தேடித் தேடி உன்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தானே. அதுக்கு இவ்வளவு வருஷம் கழிச்சாவது தீர்ப்பு வந்துதே."

வலது கைப்பிடி நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கம்பி. எந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் போகும். முழங்கையால் மிஷின் ஓட்டியவளுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? முதல் நாள் காலை மெதுவாகப் போனாள். சாயங்காலம் பூக்கடை வாளியைச் சாய்த்தாள். மூன்றாம் நாள் நாய் ஒன்றை முந்தினாள். நாய் அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை என்று தம்பி மனைவி சொன்னாள். அவள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

நாற்காலியில் உட்கார்ந்து தெருவில் போனால் உலகம் இடுப்பு உயரத்தில் நடந்து போகும். மற்றவர்களுக்கு அது குறையாக இருக்கலாம். அக்காவுக்கு அது தன் கைவேலை ஊர்வலம். முகத்தைப் பார்க்காமலே ஆளைச் சொன்னாள்.

"தபால்காரரே, பைக்குப் பக்கத்துல தையல் விட்டிருக்கு. நாளைக்குக் கொண்டு வாங்க."

"நாளைக்கு லீவு எடுத்துக்கிறேன் அக்கா, விடுங்களேன்."

"லீவுல பை கிழியாதா?"

இரண்டு வாரத்தில் தெருவில் பாதிப் பேர் அவளைக் கண்டதும் சட்டை ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள்.

ஆனால் தெரு முழுக்கப் படிகள் இருந்தன. நாற்பது வருஷம் சன்னலிலிருந்தும் தம்பி தள்ளிய வழியிலும் மட்டும் தெருவைப் பார்த்தவளுக்கு, அவை இத்தனை என்று தெரியவில்லை. மருந்துக் கடைக்கு ஒரு படி, ரொட்டிக் கடைக்கு ஒன்றரை, நூலகத்துக்கு ஒரு படியும் ஒரு முறைப்பும். அக்கா கோபப்படவில்லை. கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து ஒவ்வொன்றையும் அளந்து, வாடிக்கைக்காரர்களை எழுதுவது போலவே நீல நோட்டில் எழுதினாள். 'மருந்துக் கடை: உயரம் 5, அகலம் 34. ரொட்டிக் கடை: உயரம் 8, வலப்பக்கம் இறக்கம்.' எழுதிய பக்கத்தைக் கடைக்காரரிடம் காட்டுவாள். ஒன்றும் கேட்கமாட்டாள். தன் வாசற்படியின் அளவு தன் இடுப்பளவுக்கு அடுத்த பக்கத்தில் இருப்பதைப் பார்த்த மனிதர், மறுவாரமே ஒரு சாய்வுப் பலகை போட்டுவிடுவார். ரொட்டிக் கடையில் பலகை போட்ட பிறகு அதில் முதலில் ஏறி வந்தது ரொட்டிக்காரரின் அப்பாதான், கைத்தடியோடு. இத்தனை வருஷம் அவர் மகன் கடைக்குள் வராதது கோபத்தால் அல்ல, முழங்காலால் என்று அன்றைக்குத்தான் மகனுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை ராஜா மூட்டையோடு வந்தார். ராஜா என்றால் ராஜா வேஷம் போடுகிறவர்; குழுவுக்குத் தலைவரும் அவரே. தொப்பை பெருத்தால் கோட்டுத் தையலை யார் பிரித்து விடுவது என்ற பயத்தில் அக்காவிடம் மட்டும் குடிமகனைப் போல நடந்துகொள்வார்.

"அக்கா, இன்னும் ரெண்டே சனிக்கிழமைதான். அப்புறம் இந்த நாடகத்தை மூட்டை கட்டிடறோம். புதுசு ஒண்ணு எழுதியாச்சு."

அக்காவின் கை நின்றது. "ரெண்டுதானா?"

"பதினாலு வருஷம் ஆச்சு. எனக்கே வசனம் தூக்கத்துல வருது."

அவர் போனதும் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அன்று மத்தியானமே வண்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள். அரங்கு வாசலில் இரண்டு படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். படிக்கு இரு பக்கமும் கல் கைப்பிடிச் சுவர். அகலத்தை நாடாவால் அளந்தாள். நாற்காலியோடு வந்த காகிதத்தில், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் சரிவு வேண்டும் என்று போட்டிருந்தது. ஆக, பன்னிரண்டு அடி. எழுதினாள். நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு அப்படியே வெல்டர் கடைக்குப் போனாள்.

வெல்டரைத் தெருவில் பொறி என்பார்கள். அவனுடைய சட்டைகளில் பொறி பட்ட ஓட்டைகளை அடைத்து அடைத்தே அக்காவுக்கு ஒரு விரல் தேய்ந்துவிட்டது.

"சனிக்கிழமைக்குள்ள வேணும்."

"அளவு சரிதானேக்கா? நான் ஒரு நடை போய்ப் பார்த்துடவா?"

"என்ன கேட்டே?"

"ஒண்ணும் கேக்கலை."

அளவு அக்கா கொடுத்த அளவை அளந்து பார்ப்பது பாவம் என்று பொறி அப்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம், நாடகத்துக்கு அரை மணி முன்னால், ஆறடி ஆறடியாக இரண்டு துண்டு, நடுவில் முட்டுக்கால், பச்சைப் பெயின்ட், எல்லாம் கைவண்டியில் அரங்கு வாசலுக்கு வந்தது. அக்கா தனக்கென்று தைத்த ஊதா கவுனில் வந்திருந்தாள். பன்னிரண்டு வருஷமாகத் தனக்கு அவள் ஒன்றும் தைத்துக்கொண்டதில்லை. பொறியும் கைவண்டி தள்ளி வந்தவனும் சரிவைத் தூக்கி இரண்டு சுவர்களுக்கும் நடுவில் இறக்கினார்கள். அது இறங்கவில்லை. ஒரு பக்கம் இறங்கினால் மறு பக்கம் சுவரின் மேல் குந்திக்கொண்டது.

பொறி தன் நாடாவை எடுத்தான். சுவருக்குச் சுவர் முப்பத்தாறு. சரிவு முப்பத்தெட்டு. காகிதத்தை விரித்தான். அக்காவின் கையெழுத்தில் முப்பத்தெட்டு.

அக்காதான் முதலில் புரிந்துகொண்டாள். முப்பத்தாறு என்று அளந்தவள், எழுதும்போது பக்கத்துக்கு ஓர் அங்குலம் சேர்த்து எழுதியிருக்கிறாள். நாற்பத்தைந்து வருஷப் பழக்கம். கை தானாக எழுதும்.

"தையலுக்கு விட்டிருக்கேன்," என்றாள்.

"இரும்புல தையலுக்கா?" என்றான் பொறி.

"நீயாவது கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே. என்ன கேட்டேன்னு கேட்டீங்க."

தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. "சிரிக்காதே," என்றாள் அக்கா. "சிரிக்கலை அண்ணி, இருமல்," என்றாள் அவள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அக்கா அழுதிருப்பாள். நல்லவேளை, யாரும் சொல்லவில்லை.

"இப்ப அறுத்துட முடியாதா?" என்று கேட்டாள்.

"அறுத்து, ஓரம் வச்சு, திரும்ப ஒட்டணும்க்கா. ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள அரண்மனையே எரிஞ்சு முடிஞ்சுடும்."

பொறி நாடகத்தை ஒன்பது தடவை பார்த்தவன். அரண்மனை எரியாது என்பது அவனுக்கு நினைவில்லை.

தம்பி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். லிப்ட்காரனுக்கு எந்தக் கட்டிடத்தைப் பார்த்தாலும் இரண்டு வழி கண்ணில் படும், ஆள் ஏறும் வழி ஒன்று, சரக்கு ஏறும் வழி ஒன்று. "பின்னால சாமான் ஏத்தற கதவு இருக்கும்க்கா. அகலமா இருக்கும். உள்ளே தரை ஒரே மட்டம்தானே, அங்கேயும் ஓரடி உயரம்தான் வரும்."

"நான் சாமானா?"

"சிம்மாசனம் போற வழிக்கா அது."

அக்கா யோசித்தாள். தூக்கிக்கொண்டு போகிற பேச்சு இல்லை. தன் விரலால் தானே ஏறலாம். வண்டியைத் திருப்பினாள்.

பின் சந்தில், எட்டடி அகலக் கதவில், சரிவு சாதுவாகப் படுத்துக்கொண்டது. இரு பக்கமும் சேர்த்து இன்னும் இரண்டு நாற்காலிக்கு இடம் இருந்தது. அக்கா கம்பியை முன்னால் சாய்த்தாள். இரும்பு லேசாக முனகியது. பன்னிரண்டு அடி. மேலே போய் நின்றபோது அவளுக்கு முன்னால் இருந்தது கூட்டம் அல்ல, மேடையின் பக்கவாட்டு மறைவு. நாடகத்தை முன்னாலிருந்து எல்லோரும் பார்க்கிறார்கள். அவள் பார்த்தது அதன் உள்பக்கம், மடிப்பும் ஓரத்தையலுமாக.

திரை விலகியது. பந்தயத்தில் தோற்ற ராஜா ஒருவன், தன் அரண்மனைக்கே ஒரு வருஷம் வாயிற்காவலனாக நிற்கிறான். அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இதுதான் கதை. தீ இல்லை. ஆறு இல்லை. ராஜா முதல் காட்சி முடிந்து உள்ளே வந்தார், டீ போடும் அடுப்புக்குப் பின்னாலிருந்த கரிபிடித்த சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அந்த முதுகைப் பார்த்தாள். பதினாலு வருஷமாக, அவள் பெட்ரோல் வைத்துத் தேய்த்த தீ.

இடிச் சத்தம் கேட்டது. மந்திரி ஓடி வந்து வலது முழங்காலை ஊன்றி, பூவாளியால் தகரத்தின்மேல் தண்ணீர் ஊற்றினார். மேடையில் மழை பெய்தது.

அடுத்தது ராணி. ராணிக்கு நடிப்பு பிரமாதம், பொறுமைதான் கிடையாது. தன் முறைக்கு இரண்டு வசனம் இருக்கும்போதே மேடைக்குப் பாய்ந்தாள். மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் பெரியவர், புத்தகம் ஒரு கையில் இருக்க, மறு கையை அவளுடைய கவுனின் இடது கையை நோக்கி நீட்டினார்.

அவ்வளவுதான். எதிரி யார் என்று தெரிந்துவிட்டது.

அக்கா கம்பியைச் சாய்த்தாள். வண்டி சத்தமில்லாமல் முன்னால் போய், ராணிக்கும் மேடைக்கும் நடுவில் குறுக்கே நின்றது.

"விடுங்கக்கா, என் சீன்," என்று ராணி கிசுகிசுத்தாள்.

"இன்னும் ரெண்டு வசனம் இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவரு கை நீளுதே."

பெரியவர் கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். இரண்டு வசனம் முடிந்தது. அக்கா வண்டியைப் பின்னால் எடுத்தாள். ராணி போனாள், இரண்டு கையோடும். அந்த இரவு மூன்று தடவை அக்கா குறுக்கே நின்றாள், மூன்று தடவை வழிவிட்டாள்.

நாடகம் முடிந்ததும் ராஜா பச்சை கவுனைத் தூக்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். "முழுசா இருக்கே," என்றார், ஏதோ களவு போனதைப் போல. "அடுத்த வாரமும் இங்கேயே வந்து நில்லுங்கக்கா. புது நாடகத்துக்கும்."

"புதுசுக்கு வரேன். அடுத்த சனிக்கிழமை மட்டும் முன் வாசல் வழியா வருவேன். எல்லாரும் பார்க்கற பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்."

"இங்கேருந்து எல்லாம் தெரிஞ்சுதே?"

"துணியில உள்பக்கம் பார்க்கறது தையற்காரி. வெளிப்பக்கம் பார்த்தாத்தான் போட்டுக்கிட்ட மாதிரி."

செவ்வாய்க்கிழமை பொறி சரிவை அறுத்தான். இரண்டு அங்குலம் போதாது, கொஞ்சம் தாராளமாக மூன்று எடு என்று அக்காவே சொன்னாள். பக்கத்தில் நின்று இரண்டு தடவை அளக்கவும் வைத்தாள். வேலை முடிந்ததும் கையை நீட்டினாள்.

"என்னக்கா?"

"வெட்டுத் துண்டு. மிச்சத் துணியை நான் யார்கிட்டயாவது அமுக்கியிருக்கேனா? சாண் சாணா அறுத்து, ஓரம் ராவிக் குடு."

இப்போது அந்தப் பச்சை இரும்புத் துண்டுகள்தான், துணி விரித்து வெட்டும்போது மேசையில் அது நழுவாமல் பாரம் வைக்க இருக்கின்றன.

கடைசிச் சனிக்கிழமை அக்கா முன்வாசலில் ஏறினாள். இரு பக்கமும் அரை அங்குலம் விட்டு, காஜாவில் பொத்தான் போவது போலப் போனாள். அவளுக்குப் பின்னால் ரொட்டிக்காரரின் அப்பா கைத்தடியோடு ஏறினார். அவருக்குப் பின்னால், காலில் எந்தக் குறையும் இல்லாத தபால்காரரும் அந்த வழியாகவே ஏறினார். மூன்றாம் வரிசையில், ஓரத்தில், நாற்காலி ஒன்றை எடுத்துவிட்டு அவளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

திரை விலகியது. ராஜா கம்பீரமாக நின்றார். இடி, மழை. அக்காவுக்கு மந்திரியின் முழங்கால் நினைவுக்கு வந்தது, ஆனாலும் மழை மழையாகத்தான் கேட்டது. காவலனாக நின்ற ராஜா தன் வாசலில் தனக்கே கதவு திறந்துவிட்ட இடத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

"எப்படி அண்ணி?" என்று தம்பி மனைவி காதோடு கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. என் கதை இதைவிட நல்லா இருந்தது."

அப்போது மேடையின் இடப்பக்க மறைவிலிருந்து பர்ரென்று ஒரு சத்தம் வந்தது. அரங்கில் வேறு யார் காதிலும் அது விழவில்லை.

"என்ன அண்ணி சத்தம்?"

"திங்கட்கிழமை வேலை," என்று சொல்லிவிட்டு அக்கா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.